பாம்பி: செந்நாய் இல்லாத காடு

கேள்வி கேட்டவர் குன்னூரில் இருக்கும் ஒரு தாய். சின்ன வயதில் வீடியோ கேசட்டில் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுத, ஒரு மான்குட்டியின் கதையைச் சொல்லும் பாம்பி என்கிற டிஸ்னி கார்ட்டூன் படத்தை ஆறு வயது மகளுக்கும் போட்டுக் காட்ட அவருக்கு ஆசை. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படிக்கும் தம்பி குறுக்கே நிற்கிறான். "அக்கா, அது காட்டைப் பத்திப் பொய் சொல்ற படம். பாப்பா மனசுல அதை ஏத்தாதே" என்கிறான். ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய படத்துக்கு இந்தக் கெட்ட பெயர் எப்போது வந்தது, ஏன் வந்தது, காட்டலாமா வேண்டாமா என்று கேட்கிறார்.

காட்டலாம். தம்பி சொல்வதும் முக்கால்வாசி சரி. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் படத்தோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம் உண்டு.

மசினகுடிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கை முகாம் நடத்துவது என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில், முகாமின் முதல் நாள் இரவு ஏதாவது படம் போடுவோம். வாடகை டிவி, வாடகை டெக், கோடு கோடாக ஓடும் ஒரு கேசட். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அப்படி ஒரு இரவு பாம்பி போட்டேன். தாய்மான் சுடப்படும் இடத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த பிள்ளைகள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் உள்ளூர் இருளர் பையன்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அழவில்லை. படம் முடிந்ததும் அதில் ஒருவன் கேட்டான்: "சார், அந்தக் காட்டுல செந்நாய் கெடையாதா?"

இல்லை என்றேன். புலி? இல்லை. சிறுத்தை? அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டான். "அப்ப காட்டுக்குள்ள ஆளுங்க யாரும் குடியிருக்கலையா? மனுசன் சுடறதுக்கு மட்டும்தான் வருவானா?"

எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும் அவனுக்கு. அந்தப் படத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் ஐம்பது வருடமாக எழுதியதை இரண்டே கேள்வியில் முடித்துவிட்டான். அதை அவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தேடிப் படித்தேன்.

சரி, கதைக்கு வருவோம். பாம்பி 1942 ஆகஸ்டில் வெளியானது. டிஸ்னியின் ஐந்தாவது முழுநீள அனிமேஷன் படம். எழுபது நிமிடம்தான் ஓடும். இன்றைக்கு அதைக் காலத்தால் அழியாத படம் என்கிறோம். வந்த புதிதில் அப்படி இல்லை. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் அங்கே வசூலுக்கு வழியில்லை, போட்ட பணம் முதல் சுற்றில் திரும்பவில்லை. 1947இல் மறுபடி வெளியிட்டபோதுதான் நிலைமை தேறியது. ஆஸ்கருக்கு மூன்று பிரிவுகளில் பரிந்துரை ஆகி, ஒன்றும் கிடைக்கவில்லை. விமர்சகர்களிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் குறை என்ன தெரியுமா? படம் அளவுக்கு மீறி நிஜம்போல் இருக்கிறதாம். கார்ட்டூன் என்றால் துள்ளல் வேண்டும், கற்பனை வேண்டும், இதில் மான் மானைப் போலவே நடக்கிறதே என்றார்கள். இன்று உங்கள் தம்பி சொல்கிற குறைக்கு நேர் எதிரான குறை.

மான் மானைப் போல நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்கே வரவழைத்து வளர்த்தார்கள். ஓவியர்கள் தினமும் அவற்றின் முன் உட்கார்ந்து வரைந்தார்கள். எலும்பும் தசையும் எங்கே எப்படி மடங்குகிறது என்று உடற்கூறு வகுப்பே நடந்தது. குட்டி முதன்முதலாக எழுந்து நிற்கும்போது நான்கு கால்களும் நான்கு பக்கம் போகும் காட்சியைப் பாருங்கள். பிறந்து ஒரு மணி நேரமான கன்றைப் பார்த்தவர்களுக்கு அது வரைந்த படம் என்பதே மறந்துபோகும். ஒரே ஒரு எச்சரிக்கை: பாம்பி வளர்ந்ததும் முதுகுப் புள்ளிகள் மறைந்துவிடும். அது வட அமெரிக்க வெள்ளைவால் மான். நம் புள்ளிமானுக்குப் புள்ளி ஆயுசுக்கும் போகாது. "புள்ளி எங்க போச்சு?" என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் மேல் முதலில் பாய்ந்தவர்கள் வேட்டைக்காரர்கள். அமெரிக்க வேட்டைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், இது அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குச் செய்த பெரிய அவமானம் என்றே எழுதினார். சட்டத்தை மதிக்கும் வேட்டைக்காரர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று படத்தின் தொடக்கத்தில் ஒரு அறிவிப்புப் போடச் சொல்லிக் கேட்டார். அவருடைய வாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது. தாய்மான் சாவது பனி உருகிப் புதுப் புல் தலைகாட்டும் பருவத்தில். அந்த மாதத்தில் மானைச் சுடுவதே அங்கே சட்டவிரோதம், அதுவும் குட்டியோடு இருக்கும் பெட்டை மானை. ஆகவே அவன் வேட்டைக்காரன் இல்லை, கள்ள வேட்டைக்காரன் என்பது அவர் கட்சி.

இந்த இடத்தில் நீலகிரிக்காரர்களாகிய நமக்குப் பழைய ஞாபகம் ஒன்று வர வேண்டும். 1877இல் உதகையில் வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1879இல், நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் வந்தது. உரிமம் வாங்க வேண்டும், இன்ன மாதங்களில் சுடக்கூடாது என்று விதிகள் வந்தன. வரையாடும் கடமானும் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள், சுடுவதற்கு மிச்சம் வேண்டுமே. அந்தச் சங்கம்தான் பெயர் மாறி இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கமாக இருக்கிறது. துப்பாக்கி பிடித்த கைதான் இங்கே முதலில் காவலுக்கும் வந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த விதிகள் இல்லாவிட்டால் முக்குருத்தியில் இன்றைக்கு வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அந்த விதிகளுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உரிமம் வாங்கித் தலையைச் சுவரில் மாட்டுகிற துரை வேட்டைக்காரர். கண்ணி வைத்துக் கறிக்குப் பிடிக்கிற மலைவாசி கள்ள வேட்டைக்காரன். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1942இல் போட்ட அதே கோட்டை உதகையில் 1879லேயே போட்டுவிட்டார்கள். பாம்பி படம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டு எல்லாரையும் ஒரே சொல்லில் 'மனிதன்' என்று கூப்பிட்டது. வேட்டைக்காரர்களுக்கு வந்த கோபத்தின் வேர் அதுதான். படத்தில் அந்த மனிதனின் முகத்தை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. மூன்று சுரம் மட்டும் ஒலிக்கும், மான்கள் தலை நிமிரும், நமக்கு வயிற்றைப் பிசையும். 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சினிமாவின் பெரிய வில்லன்களைப் பட்டியல் போட்டபோது, திரையில் வராத இந்த 'மனிதனுக்கு' இருபதாவது இடம் கொடுத்தது.

மூலக்கதையை எழுதியவர் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஃபீலிக்ஸ் சால்ட்டன், வியன்னாவில் வாழ்ந்த யூத எழுத்தாளர். புத்தகம் 1923இல் வந்தது. அவரே வேட்டைக்குப் போகிறவர்! காட்டில் கால் பதித்து உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுதியது என்பது படிக்கும்போது தெரியும். அந்தப் புத்தகத்தில் காடு இவ்வளவு சாது இல்லை. சின்ன விலங்கைப் பெரிய விலங்கு கொல்கிறது, குளிர்காலத்தில் பசி வருகிறது. மனிதர்களிடம் வளர்ந்து அவர்களை நம்பித் திரும்பி வரும் ஒரு மான் அந்த நம்பிக்கையாலேயே சாகிறது. கடைசியில் கிழட்டு மான் பாம்பியைக் கூட்டிப் போய், சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு மனிதனைக் காட்டுகிறது. இவனும் நம்மைப் போலச் சாகிறவன்தான், எல்லாம் வல்லவன் இல்லை என்பது அந்தக் காட்சியின் பொருள். படத்தில் இது கிடையாது. நாஜி ஆட்சி 1936இல் புத்தகத்தைத் தடை செய்தது. சால்ட்டன் சுவிட்சர்லாந்துக்குப் போய் 1945இல் அங்கேயே இறந்தார். துரத்தப்படும் ஒரு இனத்தின் கதையாக அதை வாசிப்பவர்கள் இன்று நிறையப் பேர். பட உரிமையை அவர் 1933இல் ஆயிரம் டாலருக்கு விற்றிருந்தார். டிஸ்னி பின்னால் சம்பாதித்ததில் அவருக்கு ஒன்றும் போகவில்லை.

இனி உங்கள் தம்பியின் கட்சி. அவன் வகுப்பில் கேட்டிருக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று தீ, இன்னொன்று தின்னி, அதாவது மற்ற விலங்கைக் கொன்று தின்னும் விலங்கு.

தீயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படத்தில் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன கூடாரத் தீ காற்றில் பரவிக் காடு முழுக்க எரிகிறது. அந்தக் காட்சியின் பாதிப்பு எவ்வளவு என்றால், 1944இல் அமெரிக்காவில் காட்டுத்தீத் தடுப்புச் சுவரொட்டிக்குப் பாம்பியையே இரவல் வாங்கினார்கள். டிஸ்னி ஒரு வருடத்துக்குத்தான் அனுமதி தந்தது. வேறு விலங்கு தேட வேண்டி வந்தது, அப்படிப் பிறந்ததுதான் தொப்பி போட்ட ஸ்மோக்கி கரடி. மானும் கரடியும் சேர்ந்து சொன்ன பாடம்: காட்டில் எந்தத் தீயும் கெட்டது, எந்தத் தீயையும் உடனே அணைக்க வேண்டும். பல பத்தாண்டுகள் அப்படியே அணைத்தார்கள். எரியாமல் தரையில் சேர்ந்த சருகும் சுள்ளியும் பிறகு ஒருநாள் பற்றியபோது, மரத்தின் உச்சிவரை எரிந்தது. அடிக்கடி சிறிதாக எரிந்து பழகிய காட்டை எரியவே விடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நம் மலையில் இதை எப்படிப் பார்ப்பது? மேல்மலையில் தோடர்கள் எருமைக்குப் புதுப் புல் வரவேண்டும் என்று பருவம் பார்த்துப் புல்வெளியைக் கொளுத்துவது பழைய வழக்கம். உறைபனியில் கருகி வைக்கோலாய் நிற்கும் புல் எரிந்துபோய், அடுத்த மழைக்குத் தளிர் வரும். அது நின்றது. புல்வெளியில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் பைன் மரமும் நட்டு வைத்தது ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் நடந்தது. அப்புறம் அந்த மரங்கள்தான் தீக்கு நல்ல விறகாயின. கீழே முதுமலை, மசினகுடி வறண்ட காட்டிலோ உண்ணிச்செடி (லண்டானா) ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதில் தீ பிடித்தால் பழைய புல் தீ மாதிரி காலடியில் ஓடிப் போகாது, எழும்பி நின்று எரியும். எரிந்த பிறகும் அந்தச் செடியே முதலில் துளிர்க்கும்.

ஒருமுறை மாயாறு போகும் பாதையில் மார்ச் மாதம் எரிந்த ஒரு துண்டுக் காட்டை ஏப்ரல் கடைசியில் போய்ப் பார்த்தேன். கோடை மழை இரண்டு பெய்திருந்தது. தரை இன்னும் கரிதான், கால் வைத்தால் ஷூவில் ஒட்டியது. அந்தக் கரிக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை. அதை மேய முப்பது நாற்பது புள்ளிமான் நின்றன. பக்கத்தில் எரியாத இடத்தில் ஒன்றுகூட இல்லை. படத்தில் தீக்குப் பிறகு வசந்தம் வரும், குட்டிகள் பிறக்கும், ஆனால் தீக்கும் அந்தப் பசுமைக்கும் சம்பந்தம் உண்டு என்று படம் சொல்லாது. இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். இன்று நம் காடுகளில் பற்றும் தீ பெரும்பாலும் மனிதர் வைத்தது. வருடா வருடம் எரிந்தால் சின்னக் கன்றுகள் தலையெடுக்கவே முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் தீயில் சிக்கி இறந்தது நமக்கு மறக்கக்கூடியதா? ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடு வெட்டி, கோடை முழுக்கப் புகை எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வாட்சர்களிடம் போய் "தீ நல்லது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்தக் காட்டில், எந்த மாதத்தில், யார் கையால், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி. ஒரு கார்ட்டூனுக்குள் இது அடங்காது, அடங்காததற்கு அதைக் குறை சொல்லவும் முடியாது.

தின்னி விஷயம் வேறு. அங்கே எனக்குப் படத்தின் மேல் உண்மையான கோபம் உண்டு.

அந்தக் காட்டில் ஆந்தை எலியைத் தின்னாது. முயலும் மானும் ஸ்கங்க் என்கிற நாற்றமடிக்கும் பிராணியும் கூடிப் பேசும். சாவு என்றால் வெளியிலிருந்து, மனிதனிடமிருந்து, அவன் ஏவிய நாய்களிடமிருந்து மட்டும்தான். பார்க்கும் குழந்தைக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிடும்: மனிதன் போய்விட்டால் காட்டில் எல்லாரும் சுகம். அமெரிக்காவில் இந்தக் கணக்கு நிஜமாகவே சிக்கலைக் கொண்டு வந்தது. விஸ்கான்சினில் ஓநாய்களைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், மான்கள் பெருகிக் குளிர்காலத்தில் பட்டினியில் செத்தன. ஆல்டோ லியோபோல்ட் போன்ற அறிவியலாளர்கள், பெட்டை மானையும் சுட்டு எண்ணிக்கையைக் குறைத்தால்தான் காடு பிழைக்கும் என்றார்கள். 1943இல் அதற்கு அனுமதி வந்ததும் மக்கள் கொதித்துவிட்டார்கள். படம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கொதிப்புக்குப் பாம்பி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பெட்டை மானைச் சுடக்கூடாது என்று அதற்கு முன்பே வேட்டைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். ஆனாலும் 'பாம்பி மனப்பான்மை' என்கிற வசைச்சொல் அந்தக் காலத்துச் சண்டைகளின் மிச்சம்தான். அழகான விலங்குக்கு மட்டும் இரங்குவது, அதைத் தின்னும் விலங்கை வெறுப்பது.

நம் ஊரில் அந்த வெறுப்புக்கு ஆளானது செந்நாய். கொன்றுவந்தால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பரிசுப் பணம் கொடுத்தார்கள். மானை உயிரோடு கடித்துத் தின்னும் கொடூரப் பிராணி என்று பெயர். எழுபதுகளில் நாங்குநேரிக்காரரான ஏ. ஜே. டி. ஜான்சிங் பக்கத்துப் பந்திப்பூரில் அவற்றின் பின்னாலேயே நடந்து நடந்து கூட்டத்தின் வாழ்க்கையை எழுதிய பிறகுதான், அந்தப் பிராணியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினோம். நான் ஒரே ஒரு தடவை செந்நாய் வேட்டையை முழுசாகப் பார்த்திருக்கிறேன். மான் கத்தியது கொஞ்ச நேரம்தான். அப்புறம் சத்தமே இல்லை, இலை மிதிபடும் சத்தம் மட்டும். வயிறு நிறையத் தின்ற நாய்கள் நேரே குட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கக்கிக் கொடுக்கும் என்று கூட வந்த வாட்சர் சொன்னார். அதுவும் ஒரு தாய்ப்பாசம்தானே. அந்தப் பாசத்தை வரைய பாம்பியில் யாருக்கும் தோன்றவில்லை.

இருளர் பையனின் இரண்டாவது கேள்வி இன்னும் ஆழம். காட்டுக்குள் ஆளே இல்லையா? இங்கே தேன் எடுக்கும் குறும்பர் உண்டு, எருமை வளர்க்கும் தோடர் உண்டு, காட்டுநாயக்கர், பணியர், இருளர் எல்லாரும் உண்டு. ரிசார்ட் கட்டினவரும் உண்டு, யானை வரும் பாதையில் வேலி போட்டவரும் உண்டு, அந்த வேலியைப் பிடுங்கச் சொல்லி வழக்குப் போட்டவரும் உண்டு. இத்தனை பேரையும் ஒரே சொல்லில் 'மனிதன்' என்று அடைத்தால், தண்டனை எப்போதும் காட்டுக்குள் குடிசை போட்டிருப்பவனுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். இதை நான் முகாமில் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு, பெரியவர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

இத்தனை குறை சொன்ன பிறகும் காட்டுங்கள் என்கிறேனே, ஏன்? டைரஸ் வாங் என்கிற ஒரு மனிதருக்காக.

சீனாவின் குவாங்டாங்கில் 1910இல் பிறந்தவர். பத்து வயதுப் பையனாக அப்பாவோடு அமெரிக்காவுக்குப் போனார். சீனர்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் இருந்த காலம், குழந்தையைத் தனியாகத் தடுத்து வைத்து விசாரித்துத்தான் விட்டார்கள். 1938இல் டிஸ்னியில் சேர்ந்தபோது கிடைத்தது எடுபிடி வேலை: ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வரும் படங்களை நாள் முழுக்க வரைவது. அப்போது பாம்பிக்குக் காடு வரையத் தெரியாமல் ஸ்டூடியோவே திணறிக்கொண்டிருந்தது. இலை இலையாக, கிளை கிளையாக வரைந்து பார்த்தார்கள். அத்தனை விவரத்துக்குள் மான் காணாமல் போனது. வாங், யாரும் கேட்காமலே வீட்டில் உட்கார்ந்து சில சின்ன ஓவியங்கள் வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். பழைய சீனச் சோங் காலத்து நிலக்காட்சி ஓவிய மரபில் வந்த கை. நடுவில் மான் தெளிவாக இருக்கும். சுற்றிலும் காடு நாலு தீற்றலில் கரைந்து பனியாகிவிடும். காட்டை வரையாமல் காட்டின் உணர்வை வரைந்தார் என்று சொல்லலாம். மொத்தப் படமும் அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் திசை திரும்பியது.

ஆடி மாதத்தில் அவலாஞ்சிப் பக்கம் சோலைக்குள் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்னால் இருக்கும் மரத்தின் பாசி மயிர் மயிராகத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது சாம்பல். அதற்கும் பின்னால் ஒன்றுமே இல்லை, வெள்ளை. ஒரு கடமான் அந்த வெள்ளையிலிருந்து ஒரு அடி முன்னால் வைத்தால் உருவம் பெறும், ஒரு அடி பின்னால் வைத்தால் அழிந்துபோகும். இதை நான் கேமராவில் பிடிக்க முயன்று தோற்றுப் போனவன். வாங் 1940 வாக்கில், நம் மலையைப் பார்க்காமலே, பிடித்திருக்கிறார். படத்தின் முதல் காட்சியில் மெதுவாகக் காட்டுக்குள் போகும்போதும், தாய் இறந்த பின் குட்டி பனியில் கூப்பிட்டுக்கொண்டே நடக்கும்போதும், கதையை மறந்துவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள். கிடா மான்கள் சண்டை போடும் இடத்தில் காட்டின் நிறமே மாறி மாறி எரியும். நிஜத்தில் எந்தக் காடும் அந்த நிறத்தில் இருக்காது, ஆனால் பார்க்கும்போது பொய்யென்று தோன்றாது.

1941இல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. வாங் அதில் சேரவில்லை. ஆனாலும் அதற்குப் பின் நடந்த ஆள்குறைப்பில் அவர் வேலை போனது. படம் வெளியானபோது பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக ஒரு வரி. அவ்வளவுதான். அறுபது வருடம் கழித்து, 2001இல் டிஸ்னி அவரை அழைத்துக் கௌரவித்தது. 2016 டிசம்பரில் 106 வயதில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கடைசிக் காலத்தில் கடற்கரையில் தானே செய்த பட்டங்களை விட்டுக்கொண்டிருந்தாராம்.

பாம்பியின் பெயர் மறுபடி மேலே ஏறியதில் வாங்கின் கதைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2008இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தன் சிறந்த அனிமேஷன் படங்களின் வரிசையில் மூன்றாவதாக வைத்தது. 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்ந்தது. பழைய பொல்லாப்பும் போகவில்லை. 2018இல் மிசௌரியில் மான்களைக் கள்ளத்தனமாக வேட்டையாடிய ஒருவருக்கு நீதிபதி சிறையோடு சேர்த்து, மாதம் ஒருமுறை பாம்பி பார்க்க வேண்டும் என்றும் தண்டனை கொடுத்தார். (எனக்கென்னவோ அவர் இரண்டாவது மாதமே பின்னணி ஓவியங்களை ரசிக்க ஆரம்பித்திருப்பார் என்று தோன்றுகிறது.) மூல நாவலின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2022இல் முடிந்துபோனதால், பாம்பியைக் கொலைகார மிருகமாக்கி ஒரு திகில் படம்கூட வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் மகள். ஆறு வயது என்கிறீர்கள். தாய் சாவது திரையில் காட்டப்படாது, வெடிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். காட்டாததால்தான் அது அத்தனை வலிக்கிறது. குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும். கிழட்டு மான் வந்து உன் அம்மா இனி வரமாட்டாள் என்று சொன்ன கையோடு படம் சட்டென்று வசந்தத்துக்குத் தாவி, பறவைகள் பாட ஆரம்பித்துவிடும். என் கண்ணுக்கு அதுதான் படத்தின் பெரிய தவறு. அழுகிற குழந்தைக்கு மூக்கைத் துடைக்கக்கூட நேரம் கொடுக்காது. அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள், கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள், பத்து நிமிடம் கழித்துத் தொடரலாம். வசனம் மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் புரியாவிட்டாலும் பாதகமில்லை. சின்ன செல்போன் திரை மட்டும் வேண்டாம், வாங் வரைந்தது அதில் ஒன்றும் தெரியாது.

முகாமில் நான் இன்றும் இதைப் போடுகிறேன், ஆனால் முதல் நாள் இல்லை, கடைசி நாள் இரவு. அதற்குள் பிள்ளைகள் மூன்று நாள் காட்டைப் பார்த்திருப்பார்கள். கடமான் எலும்பைக் கையில் எடுத்திருப்பார்கள், செந்நாய் எச்சத்தில் மான் மயிரைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள், ஊர்ப் பாட்டி ஒருத்தியோடு நடந்து எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம் என்று கேட்டிருப்பார்கள். அதன் பிறகு படம் பார்க்கும்போதும் அழுகிறார்கள். அழட்டும். ஆனால் விளக்கைப் போட்டதும் "சார், ஆந்தை ஏன் முயலைப் பிடிக்கலை?" என்றும் கேட்கிறார்கள்.

உங்களுக்கு முகாம் வேண்டியதில்லை. குன்னூரில் வாசலிலேயே காட்டெருமை நிற்கும், சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போன கதையை அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். மகளுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவள் இந்தப் படத்தால் கெட்டுப் போக மாட்டாள். தம்பியையும் கூட உட்கார வையுங்கள். தீக்காட்சி வரும்போது அவன் பாடம் எடுக்கத் தொடங்குவான். படம் முடியும் வரைக்கும் கையில் ஒரு தட்டு வர்க்கியைக் கொடுத்து வைத்தால் போதும்.